பூவாத்தாள் கையெழுத்திட்ட மனு

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு சட்டம் படித்தவர் மாசிலாமணி. கோவையில், தன்னைவிட இருபது வயது இளைய வழக்கறிஞர் ரெஜினாவிடம் தொழில் பழகிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பூவாத்தாள் என்ற அம்மாள் வந்தார். அவரும் கணவர் சென்னியப்பனும் பம்ப் உதிரிபாகம் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றின் இயக்குநர்கள். நான்கு வருடமாக ஆண்டறிக்கை தாக்கல் செய்யாததால் கம்பெனிப் பதிவாளர் அதன் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டார். பட்டறை ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இல்லாத கம்பெனிக்கு யார் ஆர்டர் கொடுப்பார்கள்? வேலை பார்க்கும் எட்டுப் பேரும் கலங்கிப்போயிருந்தார்கள்.

பெயரை மீட்கத் தீர்ப்பாயத்துக்கு மனு எழுதினார் மாசிலாமணி. தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், எல்லோரும் எழுதுவதுபோல, 'கவனக்குறைவு' என்று போட்டார்.

ரெஜினா படித்துப் பார்த்து அந்தச் சொல்லை அடித்தார்.

"நாளைக்கு முழுக்க அந்தம்மா வீட்ல இருந்துட்டு வாங்க சார்."

போனார். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. சென்னியப்பன் பக்கவாதம் வந்து படுத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூவாத்தாள் லேத்தை நிறுத்தினார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். உள்ளே வந்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்து, பவுடர் போட்டுவிட்டுத் திரும்பவும் லேத்துக்குப் போனார். இத்தனை வருடத்தில் அந்த முதுகில் ஒரு புண் வந்ததில்லை. பதிவாளர் அனுப்பிய கடிதங்கள் மருந்துப் பெட்டிக்கு அடியில் பிரிக்காமலே கிடந்தன.

பார்த்ததை, மனுவில் காரணம் என்ற இடத்தில் வைக்க, ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டுவந்தார் மாசிலாமணி. ரெஜினா அதில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

பூவாத்தாள் எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்தார்.

"இதையெல்லாம் கூடவா எழுதுவாங்க?" என்று கேட்டார். பிறகு நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

விட்டுப்போன அறிக்கைகளையெல்லாம் தாக்கல் செய்யவேண்டும் என்ற நிபந்தனையோடு தீர்ப்பாயம் கம்பெனியின் பெயரைத் திரும்பச் சேர்த்தது.

உத்தரவு கைக்கு வந்த அன்று மாசிலாமணி தயங்கித் தயங்கிக் கேட்டார். கவனக்குறைவு என்றே விட்டிருந்தாலும் பெயர் கிடைத்திருக்குமே என்றார்.

"கிடைச்சிருக்கும் சார்," என்றார் ரெஜினா. "ஆனா அந்தச் சொல்லுக்குக் கீழ அந்தம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்ல எனக்கு மனசு வரலை."