பத்து மணிக்குக் குவிந்த அறுந்த நூல்

ஒரு நூற்பாலையில் ஞானசிகாமணி என்றொரு மேலாளர் கோலோச்சினார். தினமும் பத்து மணிக்கு மணியடித்து அவர் வருகையை அறிவிப்பார்கள். உடனே பெண் தொழிலாளிகள் அனைவரும் கைகட்டி வரிசையாக நிற்க வேண்டும். நாள்தோறும் அந்த வேளையில்தான் அறுந்த நூல்கள் குவிந்தன.

"ஆலையை முன்னேத்த நான் ஒருத்தன் பாடுபடுறேன், நீங்க தூங்குறீங்களா? நாளைக்குள்ள காரணம் தெரியலைன்னா ஒருத்திக்கும் வேலை கிடையாது!" என்று ஒருநாள் அந்தக் குவியலைக் காட்டி முழங்கினார்.

அறுந்த நூலை இணைக்கும் வேலுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். "காரணத்தைக் காட்டுறேன் சார். நாளைக்கு மட்டும் பதினோரு மணிக்கு வாங்க."

"எனக்கே நேரம் குறிக்கிறியா?"

"தப்பா இருந்தா மொத ஆளா நான் வெளிய போறேன்."

மறுநாள் பத்து மணிக்கு ஒரு குறையும் இல்லையென்று மேற்பார்வையாளரே சொன்னார். பதினொன்றுக்கு மணியடித்தது. எல்லோரும் கைகட்டி நின்றார்கள். மேலாளரின் கண்ணெதிரே நூல்கள் அறுந்து அறுந்து குவிந்தன.

"நூல் எப்பவும் அறுந்துக்கிட்டேதான் சார் இருக்கும், நாங்க உடனுக்குடனே சேர்த்திருவோம். நாங்க கையக் கட்டுனா மெஷினும் கையக் கட்டிக்கிட்டு நிக்குமா?" என்று கேட்டாள் வேலுத்தாய்.

வரிசை முழுவதும் சிரித்தது. மேலாளர் திரும்பி நடந்தார்.

மூன்றாம் நாள் மணியோசை இல்லாமல் வந்தார். ஒருத்தியும் வேலையை விட்டுத் திரும்பவில்லை.

"இன்னைக்கு என்னம்மா தடங்கல்?" என்று தயங்கிக் கேட்டார்.

"நடைபாதையில நீங்க நிக்கிறதுதான் சார்," என்றாள் வேலுத்தாய், தலை நிமிராமலே. "தள்ளி நின்னு அந்த நூல் நுனியப் பிடிங்க."

பிடித்தார். மறுநாளும் வந்து அதே கேள்வியைக் கேட்டார்.