மடித்த இலை

அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிற தூரத்தில் ஒரு மடம் இருந்தது. மாதப் பூசத்தன்று அங்கே ஊருக்கே சாப்பாடு. எத்தனை பேர் வந்தாலும் சாத வாளி மடத்தின் குரு சிவபாதத்தின் கையில்தான் இருக்கும். யார் கேட்டாலும் கொடுக்க மாட்டார். அதில் அவருக்கு வீண் பிடிவாதம்.

அவருடைய சீடர் தணிகாசலம் அரசாங்கத்தில் பெரிய அதிகாரி. குருவைவிட வயதில் மூத்தவர். அந்தப் பூசத்தன்று காலையிலேயே வந்துவிட்டார்.

“சாமி, இந்த நிலையத்தை மூடச் சொல்லி உத்தரவு தயாரா இருக்கு. நாளைக்கு நான் கையெழுத்துப் போடணும். கை வரமாட்டேங்குது.”

“ஏன்?”

“மூடலைன்னா மழை தப்புது, கடல் ஊருக்குள்ள வருது, பிள்ளைங்க இருமுதுங்க. மூடினா இங்க வேலை பார்க்கிற ஜனங்க எங்க போவாங்க?”

“அவங்களுக்கு என்ன வச்சிருக்கீங்க?”

“சூரிய மின்சாரம், காற்றாலைன்னு எல்லாத்துலயும் புது வேலை. பயிற்சியும் உண்டு. திட்டத்துல தெளிவா இருக்கு.”

“அப்புறம் என்ன? வாங்க, சாப்பிடலாம்.”

தணிகாசலத்துக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்தது சாம்பாருக்கா என்று நினைத்துக்கொண்டே பந்தியில் உட்கார்ந்தார். பக்கத்து இலையில் அருளப்பன். நிலையத்தில் கொதிகலன் பார்க்கிறவர். அதிகாரி என்று தெரிந்ததும் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார்.

தணிகாசலம் நாலு வாய் சாப்பிட்டிருப்பார். குரு வந்து எதிரே நின்றார். குனிந்து, அவருடைய இலையை மடித்துவிட்டார். சாதம் உள்ளேயே மாட்டிக்கொண்டது.

பந்தியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இலையை மடித்தால் சாப்பாடு முடிந்தது. அதில் யாரும் பரிமாற மாட்டார்கள். சாப்பிடுகிறவர் இலையை இன்னொருவர் மடிப்பதை அங்கே யாரும் பார்த்ததில்லை.

“சாமி, நான் இன்னும் முடிக்கலையே.”

“இதுல எண்ணெய் ஜாஸ்தி. உடம்புக்கு ஆகாது. உங்களுக்கு வேற நல்ல சாப்பாடு வருது.”

“எப்போ?”

“திட்டம் போட்டாச்சு.”

“சமைச்சாச்சா?”

“இனிமேதான் அடுப்பு வாங்கணும்.”

பந்தியின் கடைசியில் யாரோ சிரித்தார்கள். தணிகாசலம் எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தார். பசி ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். ரசம் வந்தது, அவரைத் தாண்டிப் போனது. மோரும் அப்படியே. பரிமாறுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

அருளப்பன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“சார், நிலையத்தை மூடினா புது வேலை தர்றதா பேசிக்கிறாங்களே, அதுக்கு எங்களை எப்ப கூப்பிடுவாங்க?”

தணிகாசலம் எழுந்துவிட்டார். கையைக் கழுவிக்கொண்டு நேராகக் குருவிடம் போனார்.

“புரிஞ்சுது சாமி. உத்தரவைக் கிழிச்சுப் போட்டுடறேன். நிலையம் ஓடட்டும்.”

குரு அவரை வாசலுக்கு அழைத்துப் போய்க் கதவைத் திறந்தார். வெளியே அடுத்த பந்திக்கு ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பாதிப் பேர் குழந்தைகள். வாசலில் முன்பு ஒரு புங்கமரம் இருந்தது, நிலையத்துச் சாம்பல் படிந்து பட்டுப்போனது. ஒரு சின்னப் பெண் சூடு தாங்காமல் கால் மாற்றி மாற்றி நின்றாள்.

“உள்ள இருக்கிறவங்க எழுந்திருக்கவே மாட்டோம்னா, இவங்க என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டார் குரு.

தணிகாசலம் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பேத்தி வயதுதான் இருக்கும்.

“மடிச்சாலும் தப்பு, மடிக்கலைன்னாலும் தப்பு. நான் என்னதான் பண்றது சாமி?”

குரு கையிலிருந்த சாத வாளியை அவரிடம் கொடுத்தார்.

“அடுப்பை முதல்ல வாங்குங்க. இலையை அப்புறம் மடிங்க. ரெண்டுக்கும் நடுவுல தூங்கிடாதீங்க, பிள்ளைங்க வெயில்ல நிக்குதுங்க.”