முதலை கல்லு முழுங்குன கதை

அந்தக் காலத்துல, மிருகமெல்லாம் நம்மள மாதிரியே வாய் ஓயாம பேசிக்கிட்டிருந்தப்ப, அமராவதி ஆத்துல ஒரு முதலை இருந்துச்சு. பேருதான் முதலை, முங்கவே வராது. தேங்கா நெத்து கணக்கா மேலயே மெதக்கும். மானு தூரத்துலயே பாத்துரும். "என்ன மாமா, வெயில் காயிறீங்களா?"ன்னு நலம் விசாரிச்சுட்டு, அடுத்த துறையில போய்த் தண்ணி குடிக்கும். மாமாவுக்கு வயிறு முதுகோட ஒட்டிப்போச்சு.

கனமா ஆயிட்டா முங்கிரலாம்னு மாமா ஒரு யோசனை பண்ணுச்சு. வெள்ளத்துல அடிச்சுட்டு வந்த பூசணிக்காயை எல்லாம் மளக்கு மளக்குன்னு முழுங்கிருச்சு. மறுநாள் பாத்தா வயிறு பானை மாதிரி உப்பி, முந்தியவிட ஒசரமா மெதக்குது. கொக்கு ஒண்ணு வந்து வயித்து மேல ஒத்தக் கால்ல நின்னு தூங்குச்சு.

அதப் பாத்து கரையில இருந்த நீர்நாய் ஒண்ணு உருண்டு உருண்டு சிரிச்சுது. அப்பறம் மாமா கண்ணு கலங்குறதப் பாத்துட்டு கிட்ட வந்துச்சு.

"கனமாத்தான் ஆயிருக்கீங்க மாமா. ஆனா அதோட எடமும்ல பெருசாப் போச்சு."

கனம்னா கனம்தானே, அதுல என்ன எடம்னு மாமாவுக்கு வெளங்கல.

நீர்நாய் பாறை மேல ஒரு கட்டையக் குறுக்க வச்சு, ஒரு பக்கம் புதுசா மெதந்து வந்த பூசணி, மறுபக்கம் கருங்கல்லுன்னு வச்சுது. கல்ல மாத்தி மாத்தி வச்சுப் பாத்து, கட்டை சமமா நின்னதும் நிறுத்துச்சு. ரெண்டும் ஒரே கனம். அப்பறம் கரை ஒதுங்கிக் கெடந்த தாழியில தளும்பத் தளும்ப தண்ணி ஊத்தி, கல்ல உள்ள விட்டுச்சு. ஒரு சொம்பு தண்ணி வழிஞ்சுது. கல்ல எடுத்துட்டு, மறுபடி தளும்ப ஊத்தி, பூசணிய அமுக்குச்சு. அது திமிறுது, இது ஏறி உக்காருது. கொடகொடன்னு மூணு மடங்கு தண்ணி வெளிய போச்சு.

"தண்ணிய எடத்த விட்டுத் தொரத்துனா சும்மா இருக்குமா மாமா? தொரத்துன அளவுக்கு நம்மளத் திருப்பித் தள்ளும். கொஞ்சூண்டு எடம் புடிச்சுக்கிட்டு நெறைய கனக்குறவனத்தான் உள்ள விடும்."

பள்ளிக்கூடத்துல எடைய கனஅளவால வகுத்து அடர்த்தின்னு எழுதுறோமே, அந்தக் கணக்குதான். மாமாவுக்குச் சிலேட்டு ஏது? வயித்துலயே போட்டுப் பாத்துருச்சு. பூசணி செரிச்சதும், கனம் நெறைய இருந்தும் தாழியில கம்மியா வழியிற கல்லாப் பொறுக்கி, லொடக்கு லொடக்குன்னு முழுங்குச்சு. ஆத்துல எறங்குச்சு. காணோம்.

நீர்நாய் கைதட்டிக்கிட்டே ஆத்துல குதிச்சு, "மாமா"ன்னு கூப்புட்டுச்சு. சத்தமே இல்ல. என்ன சொல்லிக் குடுத்துட்டோம்னு அப்பத்தான் அதுக்கு ஒறைச்சுது. ஒரே தாவுல கரை ஏறிருச்சு. அதோட வால் கெடந்த எடத்துல ரெண்டு கண்ணு மட்டும் மெதுவா மேல வந்துச்சு.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்த மாப்ள," ன்னுச்சு மாமா. "எனக்கோ பசி. நீ கொஞ்ச நாளைக்குக் கரையிலயே இரு."

அப்பப் பாத்து மானு வந்துச்சு. மாமாவக் காணோமேன்னு சந்தோசமாக் குனிஞ்சுது.

அன்னிக்குப் புடிச்ச பழக்கம்தான், முதலை இன்னிக்கும் கல்லு முழுங்குது. நீர்நாயும் கரையில மல்லாந்து கெடந்து, கூழாங்கல்லத் தூக்கிப் போட்டுப் போட்டுக் கனம் பாத்துக்கிட்டே இருக்கு. மாமா என்னிக்காவது கிட்ட வந்தா, தனக்குப் பதிலா முழுங்கக் குடுக்க நல்ல கல்லா ஒண்ணு வேணும்ல.