கன்ஃபெலிசிட்டியும் முந்திரிக்கொத்தும்

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஆசிரமம். அதன் குரு தாயம்மைக்கு நாற்பது வயது. சீடர் சிதம்பரநாதனுக்கோ அறுபத்திரண்டு. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தியவர் என்பதால் குருவே அவரை "வாத்தியாரே" என்றுதான் கூப்பிடுவார்.

அன்று காலை வாத்தியார் அகராதியோடு வந்து நின்றார்.

"அம்மா, வெள்ளைக்காரனே அதிகம் புழங்காத சொல் ஒண்ணு. கன்ஃபெலிசிட்டி. அடுத்தவங்க சந்தோஷத்துல நாமளும் சந்தோஷப்படுறதாம்."

"நல்ல சொல்லாச்சே."

"அர்த்தம் தெரியுது. எங்கே எப்படிப் புழங்கணும்னு தெரியலை."

தாயம்மை அவர் முகத்தைப் பார்த்தார். "ரெண்டு நாளா சமையல்கட்டுப் பக்கமே போகலையாமே?"

வாத்தியார் தலை கவிழ்ந்தது. சமையல்காரர் பேச்சிமுத்துவின் மகள் முத்தரசிக்கு டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அதே பரீட்சையில் வாத்தியாரின் கடைக்குட்டி மகன் மூன்று தடவை தோற்றிருந்தான். பத்து வருஷச் சிநேகிதனிடம் போய் ஒரு நல்ல வார்த்தை சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"பேச்சிமுத்து இனிப்புக்குன்னு முந்திரிக்கொத்து சுட்டு மூடி வச்சிருக்கார். ஊருக்குக் கொடுத்தா வாத்தியார் மனசு நோகுமாம்."

தாயம்மை முந்திரிக்கொத்து நிறைந்த தூக்குவாளியைக் கொண்டுவந்து வாத்தியார் கையில் கொடுத்தார்.

"நாலு தெருவுக்கும் நீங்களே கொடுத்துட்டு வாங்க."

முதல் தெருவில், "சமையல்காரர் மகளுக்கு சீட்டு கிடைச்சிருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார். இரண்டாம் தெருவில் மார்க்கு கேட்டார்கள், சொன்னார். மூன்றாம் தெருவில் யாரும் கேட்கவில்லை. அவராகவே, "அடுப்படிப் புகையில உட்கார்ந்து படிச்ச பிள்ளை" என்றார். நாலாம் தெருவில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு ஆச்சி மடக்கினாள்.

"என்னவே, பெத்த மக மாதிரில்ல பேசுதீரு?"

"நம்ம பிள்ளைதானே ஆச்சி. இன்னொண்ணு எடுத்துக்கிடுங்க."

மத்தியானம் திரும்பியவர் நேரே சமையல்கட்டுக்குள் நுழைந்தார்.

"வே பேச்சிமுத்து, வாளி காலி. நாலு தெரு போக, இன்னும் கீழத்தெரு பாக்கி நிக்கு. இன்னும் கொஞ்சம் சுடும்."

பேச்சிமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "மாவு நான் பிசையுதேன். உருட்டுறது உம்ம பாடு."

வாசலில் நின்ற தாயம்மை கேட்டார். "நீங்க ஒண்ணாவது தின்னீங்களா, வாத்தியாரே?"

வாத்தியார் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "மறந்தே போச்சும்மா."

"பிறகு வாய் ஏன் இப்படி இனிச்சுக் கிடக்கு?"