பெருவிரலுக்காக ஒரு சத்தியம்

தூத்துக்குடியில் டவுன் பஸ் ஓட்டும் அருமைநாயகத்துக்கு வலது கால் பெருவிரலில் நகத்தின் ஓரம் சதைக்குள் புதைந்து வளர்ந்து, சீழ் வைத்துவிட்டது. நகச்சுத்தி என்று நினைத்து எலுமிச்சம்பழத்தைச் செருகிப் பார்த்தார். நகவெட்டியால் ஓரத்தைத் தோண்டியும் பார்த்தார். புண் பெரிதானதுதான் மிச்சம். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் உயிர் போய் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மனைவி ஜெபமணி கெஞ்சினாள். வருகிறேன், ஆனால் எனக்குச் சர்க்கரை இருப்பதை நீ வாய் திறந்து சொல்லக் கூடாது என்றார் அவர். சர்க்கரை என்று தெரிந்தால் விரலையே எடுத்துவிடுவார்கள் என்று பயம்; கூட வேலை பார்த்த ஒருவருக்கு அப்படி நடந்திருந்தது. ஜெபமணி அவர் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். செய்யாவிட்டால் அவர் வீட்டை விட்டு நகர்ந்திருக்க மாட்டார்.

டாக்டர் ரெஹானா விரலைப் பார்த்துவிட்டு, சர்க்கரை உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் அருமைநாயகம். ஜெபமணி ஒன்றும் பேசாமல் கைப்பையைத் திறந்தாள். கிளம்பும்போதே எடுத்து வைத்திருந்த சர்க்கரை மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தாள்.

டாக்டர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. ரத்தத்தைச் சோதித்தார், பாதத்தில் நாடி பார்த்தார்.

"ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. விரலுக்கு ஒண்ணும் ஆகாது. சர்க்கரையைத்தான் கட்டுக்குள்ள கொண்டு வரணும்."

விரல் மரத்துப்போக ஊசி போட்டு, புதைந்திருந்த நக ஓரத்தை மட்டும் நீளவாக்கில் வெட்டி எடுத்தார். அந்த ஓரம் மறுபடி முளைக்காதபடி வேரில் மருந்து வைத்துக் கட்டினார். இனி நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்டாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ஆட்டோவில் காலை நீட்டிக்கொண்டு அருமைநாயகம் பெருமூச்சு விட்டார். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் பயந்தேன் என்று சிரித்தார். பிறகு அவர் முகம் மாறியது.

"ஆனா நீ சத்தியத்தை மீறிட்ட, ஜெபா."

"நான் வாயே தொறக்கலையே."

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, நீங்கள் சொல்லுங்கள். ஜெபமணி சத்தியத்தைக் காத்தாளா, மீறினாளா? அவள் செய்தது சரியா?

விடை: மீறினாள். டாக்டருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அவர் சத்தியம் வாங்கினார். வாயால் தெரிந்தால் என்ன, மாத்திரை அட்டையால் தெரிந்தால் என்ன? கிளம்பும்போதே அட்டையை எடுத்து வைத்தவளுக்கு அது தெரியாதா? ஆனாலும் அவள் செய்தது சரிதான். மருத்துவரிடம் உண்மையை மறைப்பதற்கு வாங்கிய சத்தியம் அவர் காலுக்கே குழி பறித்திருக்கும். வீட்டு வாசலில் ஆட்டோ நிற்பதற்குள் ஜெபமணியே ஒப்புக்கொண்டாள்: "ஆமா, மீறிட்டேன். இன்னொரு தடவை கேட்டாலும் மீறுவேன்." அருமைநாயகம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார்.