வாசல்ல குதிச்ச ராசா

இந்தக் கதையில ஒரு வார்த்தை கூடப் பொய் கெடையாது. பொய்னா என் நாக்குல வெந்நிய ஊத்துங்க. கொஞ்சம் ஆற வச்சு ஊத்துங்க, அவ்வளவுதான்.

முன்னொரு காலத்துல கோரையூர் நாட்ட சித்திரசேனன்னு ஒரு ராசா ஆண்டாரு. அவருக்கு ஒரு கோணப்புத்தி. வேலைக்கு ஆள் வந்தா என்ன தெரியும்னு கேக்க மாட்டாரு, மூஞ்சியத்தான் பாப்பாரு. மூக்கு எடுப்பா இருந்தா சபையில முன்வரிச. சப்பையா இருந்தா தூணுக்குப் பின்னால. படைத்தளபதி சிரிச்சா கன்னத்துல குழி விழும். கத்தியப் புடிச்சா கத்தியே விழும்.

முன்வரிசையில மொத ஆளு மோகனரங்கம். சுருட்ட முடி, சந்தன நெறம், நடந்தா பன்னீர் வாசன. அவன் வேலை என்னன்னு அவனுக்கே தெரியாது. ராசா எது கேட்டாலும் பல்லு தெரியச் சிரிப்பான். "ஆகா, என்ன விவேகம்!"னு ராசா அவன் பதவிய ஒசத்துவாரு.

தூணுக்குப் பின்னால நின்னவன் மொக்கையன். அரமனச் சாமான் அறைக்குக் காவக்காரன். பல்லு மொதல்ல வரும், ஆளு பின்னால வருவான். மூஞ்சி பூரா அம்மத் தழும்பு. ஒரு கண்ணு ராசாவப் பாத்தா இன்னொண்ணு ராணியம்மாவப் பாக்கும்.

அந்தச் சாமான் அறையில ஒவ்வொண்ணா காணாமப் போக ஆரம்பிச்சுச்சு. மொதல்ல வெள்ளிப் படிக்கம், அதான் ராசா வெத்தல துப்புற பாத்திரம். அப்புறம் ராசாவோட தேக்கு ஊஞ்சப் பலகை.

மோகனரங்கம் ராசா காதுகிட்ட குனிஞ்சான். "மகராசா, அந்த மொக்கையன் மூஞ்சியப் பாருங்க. திருட்டுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மூஞ்சி."

"நானும் அதத்தான் நெனச்சேன். நாளைக்கு அவன் கைய வெட்டுங்கடா!"ன்னாரு ராசா.

மொக்கையன் ராசா கால்ல விழுந்தான். ஆனா வாயி சும்மா இருக்கல. "ராசா, எனக்குத் திருடத் தெரிஞ்சா, மொதல்ல நல்ல மூஞ்சியா ஒண்ணத் திருடிருக்க மாட்டேனா?"

மந்திரி வெள்ளையம்பலம் எந்திரிச்சாரு. "மகராசா, சாயங்காலம் வாசல்ல இவனக் குடுமிய அவுத்து, வேட்டிய உதறி, குதிக்கவிட்டுத்தான் வெளிய அனுப்புறாங்க. ஊஞ்சப் பலகைய எங்க ஒளிச்சிருப்பான்? பல்லு இடுக்குலயா?"

"வாசல்ல எல்லாரையும்தான் சோதிக்கிறாங்க. வேற எவன் எடுத்திருப்பான்?"

"எல்லாரையுமா? இன்னைக்குச் சாயங்காலம் நீங்களே இவன மாதிரி வேசம் போட்டு, வெறுங்கையோட வாசலத் தாண்டிப் பாருங்க. அப்புறமா வெட்டுங்க."

ராசாவுக்கு வேசங்கட்டறதுன்னா ஆச. சரின்னுட்டாரு.

மந்திரி லேசுப்பட்ட ஆளா? போற போக்குல மோகனரங்கத்துக்கிட்ட பெருமூச்சு விட்டாரு. "பாவம் தம்பி, நாளையோட மொக்கையன் கதை முடிஞ்சுது. இனிமே எதாச்சும் காணாமப் போனா யார் மேல பழி போடுறதோ!"

மோகனரங்கம் சிரிச்சான். ஆனா கண்ணு மட்டும் சாமான் அறைப்பக்கம் போச்சு.

பொழுது சாஞ்சுது. மூஞ்சியில சுண்ணாம்புப் புள்ளி, பல்லுல தேங்காச் சில்லு, ஒரு இமையில மெழுகு. ராசா வாசலுக்கு வந்தாரு. காவக்காரனுக ரெண்டு பேரும் பாஞ்சானுக.

"எவன்டா நீ? புதுசா?"

"சமையக்கட்டுல வேலைங்க."

"இந்த மூஞ்சியப் பாத்தா சோறு எறங்குமாடா? அவுருடா குடுமிய! குதி! இன்னும் ஒசரமா!"

ராசா குதிச்சாரு. நாப்பது வருசத்துல மொத தடவ. மூச்சு வாங்குச்சு.

அப்பப் பாத்து பன்னீர் வாசன வந்துச்சு. பின்னாலயே மோகனரங்கம். தோள்ல பெரிய பட்டு மூட்ட. மூட்டையிலேர்ந்து ஒரு சிங்கக் காலு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. ராசா உக்கார்ற தந்தப் பீடத்தோட காலு!

காவக்காரனுக பதறிட்டானுக. "ஐயா, நீங்க போயி சொமக்கலாமா? டேய் பல்லா, என்னடா வேடிக்க? போயி ஐயாவுக்குச் சொமடா!"

ராசா தலையில ராசாவோட பீடம். கோரையூர் வீதியில அவரே சொமந்துக்கிட்டுப் போறாரு! மந்திரி பின்னாலயே தள்ளி நடந்தாரு, மேல்துண்ட வாயில திணிச்சுக்கிட்டு.

மோகனரங்கம் வீட்டுக்குள்ள போனா, கூடத்துல தேக்கு ஊஞ்ச. பக்கத்துல வெள்ளிப் படிக்கம். ராசா பீடத்த எறக்கி வச்சாரு. ஊஞ்சல்ல உக்காந்து ஆடினாரு. தேங்காச் சில்லப் படிக்கத்துல துப்பினாரு.

"ஏய் அசிங்கம் புடிச்சவனே! அது ராசா உக்கார்ற ஊஞ்சடா!"ன்னு மோகனரங்கம் கத்தினான்.

"அப்ப நான் உக்காரலாம்"னு ராசா மெழுகப் பிச்சாரு.

மறுநா சபை. மோகனரங்கம் கண்ணீர் விட்டான். ஒவ்வொரு சொட்டும் முத்து மாதிரி உருண்டுச்சு. ராசா பாத்தாரு, பாத்தாரு... மனசு எளகிப் போச்சு. "மந்திரி, அழறப்பக்கூட எவ்வளவு அழகா இருக்கான்! ஒருவேள தெரியாம எடுத்திருப்பானோ?"

மந்திரி தன் மேல்துண்ட உருவி ராசா கையில குடுத்தாரு.

ராசாவுக்கு மொகம் செவந்துருச்சு. எறங்கி வந்து, தன் கையாலயே அந்தத் துண்டப் போட்டு மோகனரங்கம் மொகத்த மூடினாரு. "இப்பச் சொல்றேன் தீர்ப்ப. இந்தத் திருடனக் குதிரக் கொட்டடியில சாணி அள்ளப் போடுங்க. மொக்கையா, முன்னால வா. இனி சாமான் அறையும் ஒன்னுது, வாசலும் ஒன்னுது. என் மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல ராசா. சாயங்காலம் வாசப்பக்கம் வந்தா மட்டும் குதிச்சிட்டுப் போங்க."

கதை முடிஞ்சுது. இப்பக் கூலி. ஆளுக்கொரு வெத்தல, ரெண்டு பணியாரம் எடுத்து வைங்க. லட்சணமா இருக்கிறவங்க ரெட்டிப்பா வைக்கணும். அந்த ஓரத்துல அழகா சிரிக்கிற அண்ணே, ஒங்களத்தான்! பணியாரத்த வச்சிட்டு, குதிச்சுக் காட்டிட்டுப் போங்க.