உப்பில்லாத கஞ்சி

“அம்மா, நாளையோடு கஞ்சிச்சாலையை மூடப் போகிறேன்.”

அம்பலவாணர் நின்றுகொண்டே சொன்னார். அறுபது வயதைக் கடந்தவர். அரிசி ஆலை முதலாளி. தம்மைவிட மிக இளையவரான வடிவம்மையைக் குருவாக ஏற்று, ஆற்றங்கரை மடத்துக்கு வந்துபோகிறவர்.

“உட்காருங்கள்.”

“உட்கார முடியவில்லை. சென்ற வாரம் கஞ்சிச்சாலைக் கூரை தீப்பிடித்தது. எதிரிலேயே குளம். அங்கே தினமும் கஞ்சி குடிக்கிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர்கூட ஒரு குடம் தண்ணீர் மொள்ளவில்லை. என் ஆலை ஆட்கள் வந்து அணைத்தார்கள். புகை அடங்குவதற்குள் ஒருத்தி கேட்கிறாள், ‘இன்னைக்குக் கஞ்சி உண்டா, முதலாளி?’ என்று!”

வடிவம்மை சிரித்துவிட்டார்.

“சிரிக்காதீர்கள், தாயே. அரிசி நான் தருகிறேன். பயறு, விறகு, சமையலாள் எல்லாம் நான். அவர்களிடம் ஒரு துரும்பு கேட்டிருப்பேனா?”

“இல்லை.”

“என்ன குறை வைத்தேன்?”

“ஒரு குறையும் வைக்கவில்லை. அதைத்தான் நானும் பார்க்கிறேன்.”

அம்பலவாணர் சன்னல்வரை நடந்தார். திரும்பி வந்தார். மறுபடியும் நடந்தார்.

“மூடினால் என்ன ஆகும்?” என்று கேட்டார் வடிவம்மை.

“ஆளற்ற கிழவர்கள் பட்டினி கிடப்பார்கள். தெரியும். தெரிந்துதான் தூக்கம் வரவில்லை.”

“நாளைக்கு நானும் வருகிறேன். கஞ்சியில் உப்பு மட்டும் போட வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.”

“கடைசி நாளிலா? என் பெயர் என்னாவது?”

“அதுதான் நாளையோடு முடிகிறதே.”

மறுநாள் நண்பகலில் எல்லோரும் கஞ்சிச்சாலையில் வரிசையாக அமர்ந்தார்கள். முதல் வாய் உள்ளே போனது. தலைகள் நிமிர்ந்தன.

“என்ன முதலாளி, உப்புக்குப் பஞ்சமா?”

“பத்தியக் கஞ்சிடே! நம்ம எல்லாருக்கும் சேத்து வைத்தியம் பாக்காரு.”

அம்பலவாணரின் காது மடல் சிவந்தது. எழுந்தார்.

“உட்காருங்கள்” என்றார் வடிவம்மை.

“ஆளை அனுப்பினால் இப்போதே உப்பு மூட்டையாக வந்துவிடும், தாயே.”

“வந்துவிடும். அதனால்தான் உட்காரச் சொல்கிறேன்.”

உட்கார்ந்தார். கால் ஆடிக்கொண்டே இருந்தது.

யாரும் அசையவில்லை. சிலர் முகம் சுளித்தபடி குடித்தார்கள். சிலர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பார்த்தீர்களா?” என்று கிசுகிசுத்தார் அம்பலவாணர்.

விறகு சுமந்து விற்கும் மாடத்தி கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

“இத மனுசன் குடிப்பானா?”

விடுவிடுவென்று வெளியே போனாள்.

“கோபித்துக்கொண்டு போகிறாள்.”

வடிவம்மை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடத்தி திரும்பி வந்தபோது கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது. அதில் கல்லுப்பு. தன் கிண்ணத்தில் கொஞ்சம் போட்டுக் கலக்கினாள். பக்கத்துக் கிண்ணத்தைப் பார்த்தாள். அதிலும் போட்டாள். பிறகு வரிசை நெடுகப் போட்டுக்கொண்டே வந்தாள்.

“வெறும் உப்பு மட்டும் என்னத்துக்கு? எங்க வீட்ல நார்த்தங்கா கெடக்கு” என்று ஒருவர் எழுந்தார்.

“உம்ம வீட்டு நார்த்தங்காயா? தின்னா நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிடும்வே. நீரு இரும், நான் மோர்மிளகா கொண்டாரேன்.”

இருவரும் வாசலில் இடித்துக்கொண்டு வெளியேறினார்கள். வரிசை கலைந்துபோயிற்று.

மாடத்தி அம்பலவாணரின் முன் வந்து நின்றாள்.

“உங்க கிண்ணம் எங்க, முதலாளி?”

அவர் அங்கே ஒரு நாளும் உண்டதில்லை.

“எனக்கு வேண்டாம்.”

“நான் உப்பு போட்டதுனாலயா?”

யாரோ ஒரு கிண்ணத்தை நீட்டினார்கள். அம்பலவாணர் வாங்கிக்கொண்டார். மாடத்தி உப்பைப் போட்டு, தானே கலக்கியும் கொடுத்தாள்.

குடித்தார்.

“எப்படி இருக்கு?”

“உப்பு கொஞ்சம் கூடிவிட்டது.”

“அப்படியா?” மாடத்தி இடுப்பில் கை வைத்தாள். “நாளைக்குக் கொறச்சுப் போடுதேன்.”

எல்லோரும் குடித்து முடித்ததும் எழுந்து நின்று சொல்வதற்கென்று அம்பலவாணர் ஒரு செய்தி வைத்திருந்தார். வடிவம்மையைத் திரும்பிப் பார்த்தார். வடிவம்மை பக்கத்து ஆளிடம் மோர்மிளகாய் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

“மாடத்தி” என்றார் அம்பலவாணர். “நாளைக்கு நீங்கள் வரும்வரை பானையை இறக்க வேண்டாமென்று சமையலாளிடம் சொல்லிவைக்கிறேன்.”